நெஞ்சுக்குள் ஒரு துணிக்கொடி

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பி முரசுக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம், முழங்கால் மட்டும் என்னோடு ஒத்துழைக்க மறுக்கிறது. நீயும் உன் மனைவியும் எப்படி இருக்கிறீர்கள்? 'நலம்' என்று ஒற்றைச் சொல் எழுதித் தப்பிக்காதே.

தொலைபேசியை நீ எடுப்பதே இல்லை. எப்போது அழைத்தாலும் உன் மனைவிதான் எடுக்கிறாள். "அவர் கூட்டத்துக்குப் போயிருக்காரு அண்ணி" என்கிறாள். சென்ற முறை அவள் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் நீ இருமும் ஓசை கேட்டது. கூட்டம் இப்போதெல்லாம் உன் வீட்டுக் கூடத்திலேயே நடக்கிறதோ?

புதிய பயிற்சி மருத்துவர்கள் வந்துவிட்டார்கள். கைக்கருவியை நோயாளியின் கட்டிலருகே எடுத்துச் சென்று அங்கேயே நெஞ்சையும் வயிற்றையும் ஸ்கேன் செய்து பார்க்க அவர்களைப் பழக்குவது என் பொறுப்பு. பழக்குவது என்றால் நான் செய்து காட்டுவதன்று. அவர்கள் செய்ய, நான் பக்கத்தில் நின்று காண்பது. உடலின்மேல் வைக்கும் அந்தப் புரோப்பை எவர் கையிலிருந்தும் நான் பிடுங்குவதில்லை. இதயம் திரையின் ஓரத்தில் வழுக்கிக்கொண்டு ஓடும். என் விரல்கள் துடிக்கும். அதனால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். "நகர்த்தாதே, சாய்" என்று நாக்கு மட்டும் வேலை செய்யும்.

வந்தவர்களில் ஒருத்தி வாயாடி. நோயாளியிடம் ஊர்வம்பு பேசிக்கொண்டே புரோப்பைத் திருப்பிப் பிடித்து, கல்லீரலை இடப்பக்கத்தில் கண்டுபிடித்தாள். "மேடம், இவருக்கு எல்லாமே இடம் மாறியிருக்கு" என்றாள். "இவருக்கு இல்லம்மா, உனக்கு" என்றேன். படுத்திருந்த பெரியவர், "நல்லாப் பாருங்கம்மா, காலைல கிளம்பும்போது எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு" என்றார்.

இன்னொருவன் இருக்கிறான். ஊமைக்கோட்டான் என்றே அவனுக்குப் பெயர் வைத்துவிட்டேன். கேட்டால் தலையசைப்பான், கை மட்டும் தண்ணீர்போல் ஓடுகிறது. இவ்வளவு தேர்ந்த கை தொடக்கத்திலேயே எப்படி வாய்க்கும்? எனக்கு மூக்கு வியர்க்கிறது.

இவர்கள் ஒரு வாரம் என் கண்ணெதிரே. மறுவாரம் உன் ஊரிலுள்ள சிறிய மருத்துவமனையில். அங்கே எடுக்கும் படங்கள் என் பார்வைக்கு வரும். நோயாளியின் பெயர், வயது, எடுத்த நாள் அனைத்தையும் மறைத்தே அனுப்ப வேண்டும் என்பது நான் வகுத்த விதி. ஆள் தெரிந்தால் இரக்கம் வந்துவிடும். நான் மதிப்பிடுவது கையை, ஆளை அன்று. இத்தனை நோயாளிகளைப் பார்த்தேன் என்று கணக்குக் காட்டினால்தான் சான்று; அதில் ஒரே உடலை இருவேறு நோயாளியாகக் காட்டக் கூடாது என்பது மற்றொரு விதி.

மேடையில் நீ மூச்சு விடாமல் பொழியும் அந்த நெடுந்தொடரை, 'ஒரே மூச்சுப் பத்தி' என்று ஊரே கைதட்டும் அதனை, கேட்டு நாளாயிற்று. எழுதவாவது செய்.

மறவாத அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 24

என் வணக்கத்துக்கும் வம்புக்கும் ஒருங்கே உரிய அக்காவுக்கு,

நலம், நலம், நலம். ஒரு சொல் போதாது என்றாய், மூன்று வைத்திருக்கிறேன். உன் முழங்காலை நலம் விசாரித்ததாகச் சொல்.

தொலைபேசி என்பது கருத்தின் கழுத்தை நெரிக்கும் கருவி. நான் ஒரு தொடரைத் தொடங்கி, அது கிளை விரித்து, பூத்து, காய்க்கும் வேளையில் 'ம், சரி, அப்புறம்?' என்று கோடரி வீசுகிறவள் நீ. எழுத்தில் உன்னால் என்னை இடைமறிக்க இயலாது. ஆகவே நம் உறவு இனி அஞ்சல் வழியாகவே தழைக்கட்டும். அழைக்காதே, எழுது.

புரோப் என்கிறாயே, நெஞ்சு பொறுக்கவில்லை. உள்ளிருப்பதைத் துருவிக் காணும் அதனைத் 'துருவுகோல்' என்றழைத்தால் உன் மருத்துவமனைக் கூரை இடிந்தா விழும்?

இங்கே செய்தி ஒன்றும் பெரிதில்லை. மாடியறையைப் புத்தகங்களுக்கு எழுதிக்கொடுத்துவிட்டுக் கட்டிலைக் கீழே இறக்கிவிட்டோம். படிக்க வசதியாக இருப்பதால் இரவிலும் சாய்வு நாற்காலியிலேயே கண்ணயர்கிறேன். கடைக்காரன் என்னை ஏமாற்றிவிட்டான், செருப்பு கடிக்கிறது, ஓரளவு பெரிதாக வேறொன்று வாங்கினேன். மேடையிலும் என் நடையை மாற்றிக்கொண்டேன். நெடுந்தொடர் போயிற்று. வெட்டு. நிறுத்தம். மறு வெட்டு. இக்காலத்துக் கூட்டம் அதைத்தான் விரும்புகிறது என்று உணர்ந்தேன்.

அந்தப் பேசாப் பிள்ளையை விட்டுவிடு. சர்க்கரைப் புட்டியில் குறைவு கண்டால் என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தவளல்லவா நீ? எல்லார் நாக்கிலும் சர்க்கரை இருக்காது, அக்கா.

என்றும் உன் அதட்டலுக்கு அடங்கிய,
முரசு


மார்ச் 8

அன்புள்ள முரசுக்கு,

உன் நலம் மூன்றும் பத்திரமாக வந்து சேர்ந்தன. செருப்புக் கடிக்குத் தேங்காயெண்ணெய் தடவு. உன் மனைவியைக் கேட்டதாகச் சொல்.

என் ஐயம் வீண்போகவில்லை. உன் ஊரிலிருந்து வந்த படங்களையெல்லாம் ஒருசேர வைத்துப் பார்த்தேன். ஊமைக்கோட்டான் அனுப்பியவற்றில், வெவ்வேறு எண்களின் கீழ், ஒரே இதயம் மீண்டும் மீண்டும் எட்டிப்பார்க்கிறது.

எப்படிக் கண்டேன் என்கிறாயா? இதயத்தின் இடப்பக்கப் பெரிய அறையில், சுவருக்குச் சுவர், குறுக்கே ஒரு மெல்லிய நார் ஓடுகிறது. தீங்கற்றது, பலருக்கும் உண்டு. உனக்கேகூட உண்டு, நினைவிருக்கிறதா? கைக்கருவி புதிதாக வந்தபோது உன்னைத்தானே படுக்க வைத்துப் பழகினேன். "உன் நெஞ்சுக்குள்ள யாரோ துணிக்கொடி கட்டியிருக்காங்கடா" என்று நான் சொல்ல, "மேடைச் சட்டையெல்லாம் அங்கதான் காயுது" என்றாய் நீ. ஆனால் இந்தக் கொடி ஓடுவது ஒரு களைத்த இதயத்தில். சுவர்கள் மனமில்லாமல் அசைகின்றன. பயில்பவனுக்கு இத்தகைய இதயம் ஒரு புதையல். புதையலைக் கண்டதும் அதையே பலமுறை எடுத்து, பல நோயாளிகளாகக் கணக்குக் காட்டி, என் கண்ணில் மண்ணைத் தூவுகிறான்.

இன்னொன்று. அந்தப் படங்கள் எல்லாவற்றிலும் 'சாய்ந்து அமர்ந்த நிலை' என்று அவனே குறித்திருக்கிறான். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து எடு என்று தலைபாடாய் அடித்துக்கொள்கிறேன். நோயாளியைப் படுக்கவைக்கக்கூடச் சோம்பல்.

இதை உனக்கு மட்டுந்தான் எழுதுகிறேன். உறுதியானால் அவனைப் பயிற்சியிலிருந்து நீக்கிவிடுவேன். நாளைக்குக் கட்டிலருகே தனியாக நின்று ஓர் உயிரைப் பற்றி முடிவெடுக்கப்போகிற கை அது. பொய் சொல்லும் கையை நம்பி யார் நெஞ்சைத் திறந்து காட்டுவார்கள்?

உடனே பதில் எழுது.

அக்கா


ஏப்ரல் 4

அன்பு அக்காவுக்கு,

நலம். நீ நலமா? காலந்தாழ்த்தியதற்குப் பொறுத்துக்கொள். அலைச்சல்.

நீக்குவது என்றால் முற்றாகவா? மீண்டும் சேர வழி உண்டா? இதை எனக்குத் தெளிவாக எழுது.

ஒரே இதயம் பலமுறை வந்தால் அது களவாகத்தான் இருக்க வேண்டுமா? ஒரே ஆள் பலமுறை வந்திருக்கலாகாதா? நோயாளி என்பவன் ஒருமுறை வந்து ஒழிந்துபோகிறவனா?

துணிக்கொடி என்று ஏதோ எழுதியிருந்தாய். என்றோ சொன்ன வேடிக்கை போலும். எனக்கு நினைவில்லை.

இங்கே வெயில் கடுமை. உடம்பைப் பார்த்துக்கொள்.

முரசு


ஏப்ரல் 13

அன்புள்ள தம்பிக்கு,

நலமே. நீ இவ்வளவு சிக்கனமாக எழுதி நான் பார்த்ததில்லை. அஞ்சல்தலைக்கு ஏற்ற எடை வேண்டாமா? துணிக்கொடி நினைவில்லை என்கிறாய். சிறுவயதில் நான் உன்னைத் திட்டிய சொற்களையெல்லாம் நாள் குறிப்பிட்டுச் சொல்கிறவனுக்கு, சொந்த நெஞ்சின் வேடிக்கை மறந்துவிட்டதாம். இருக்கட்டும்.

அவனை அழைத்து விசாரித்தேன். வார்டின் கோடியில், கருவிகள் வைக்கும் அறையில், பெரிய சிஸ்டரும் உடனிருந்தார். படத்தைத் திரையில் நிறுத்தினேன்.

"இது யாரோட இதயம்?"

"ஒரு நோயாளியோடது, மேடம்."

"ஒருத்தரா, பலபேரா?"

"ஒருத்தர்தான், மேடம்."

"அப்ப ஏன் இத்தனை எண்?"

"ஒவ்வொரு தடவையும் கருவியே புது எண் போட்டுக்குது, மேடம்."

"ஏன் இத்தனை தடவை எடுத்தே?"

திரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சரி, ஆள் யாருன்னு சொல்லு. நானே வந்து பார்க்கிறேன்."

"சொல்லக் கூடாது, மேடம்."

"கூடாதா, தெரியாதா?"

"கூடாது."

பெரிய சிஸ்டர் பெருமூச்சு விட்டார். "இவன் வாய்க்குள்ள என்ன இருக்குன்னு பாக்கத் தனியா ஒரு புரோப் வாங்கணும் மேடம்" என்றார். அதற்கும் அவன் சிரிக்கவில்லை. கதவருகே போனவன் திரும்பி நின்றான்.

"மேடம், அந்தப் படங்களை இன்னொரு தடவை பாருங்க."

"பார்த்தாச்சு."

"கையைப் பாக்காதீங்க மேடம். இதயத்தைப் பாருங்க."

எனக்கே பாடம் எடுக்கிறான், பார்த்தாயா? குற்றம் செய்தவனின் துணிச்சல் அது. சூன் முதல் வாரத்தில் விசாரணைக் குழு கூடுகிறது. என் பரிந்துரையை நான் ஏறத்தாழ எழுதிவிட்டேன். நீக்கினால் முற்றாகத்தான், திரும்பச் சேர வழியில்லை. நீ கேட்டதற்கு இதுவே விடை. ஆனால் நீ ஏன் கேட்டாய் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அக்கா


ஏப்ரல் 30

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நலம் விழைகிறேன். இன்று உடன்பிறந்தவனாக எழுதவில்லை; அந்தப் பிள்ளையின் வழக்கறிஞனாக எழுதுகிறேன்.

நீதி என்பது ஐயத்தின் பிள்ளையா? அறியாததையெல்லாம் குற்றம் என்று பதிவுசெய்யும் உரிமையை உனக்கு எவர் தந்தார்? ஒருவன் வாய் திறக்கவில்லை. ஆதலால் அவன் கள்வன் என்கிறாய். வாக்குக் கொடுத்தவனும் வாய் திறக்கமாட்டான் என்பதை எண்ணிப்பார்த்தாயா? பேசுவதையே தொழிலாகக் கொண்ட நான் சொல்கிறேன்: இவ்வுலகில் பேச்சுக்குக் கிடைக்கும் மாலைகளில் பாதி, பேசாதிருந்தவர்களுக்குச் சேர வேண்டியவை.

துருவுகோலை வைக்குமுன் தடவும் குளிர்ந்த பசையை அப்படியே நெஞ்சில் அப்பாமல், முதலில் தன் உள்ளங்கையில் வைத்து மூடிச் சூடேற்றி, "சில்லுன்னு இருக்காது சார், பயப்படாதீங்க" என்று சொல்லித் தடவுகிற பிள்ளை அவன். எதிரே இருப்பது பாடமா, மனிதனா என்பதை அறிந்த கை அது. அந்தக் கையை நீ வெட்டினால், அக்கா, நீ கற்பித்ததிலேயே மிகச் சிறந்ததை வெட்டியவள் ஆவாய்.

குழுவைத் தள்ளிப்போடு. இது என் வேண்டுகோள்.

நான் இதுவரை உன்னிடம் எதையும் வேண்டியதில்லை.

முரசு


மே 6

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

நான் உனக்கு என்னென்ன எழுதினேன் என்பது மறந்திருக்கலாம். எதை எழுதவில்லை என்பது நன்றாகத் தெரியும். உள்ளங்கையில் ஜெல்லைச் சூடாக்கும் கதையை நான் எழுதவே இல்லை. எழுதியிருக்கவும் முடியாது. இங்கே அதைச் சூடாக்கி வைக்க ஒரு பெட்டி இருக்கிறது. என் கண்ணெதிரே எவனும் கையில் சூடாக்கியதில்லை. ஆகவே அது உன் ஊரில் நடந்தது. நீ அதைக் கண்டிருக்கிறாய்.

எங்கே கண்டாய்? எப்போது? அவன் 'சார்' என்றது யாரை?

எனக்குத் தோன்றுவதை ஒளிக்காமல் எழுதுகிறேன். நீ என் தம்பி என்று அவன் எங்கோ மோப்பம் பிடித்துவிட்டான். கூட்டம் முடிந்ததும் வந்து வணக்கம் போட்டிருப்பான். நீயும் மாலைக்கும் வணக்கத்துக்கும் உருகுகிறவன். உன்னைச் சிபாரிசுக்குப் பிடித்திருக்கிறான். வாயே திறக்காதவன் உன் வாயை இரவல் வாங்கியிருக்கிறான்.

யாரை வேண்டுமானாலும் ஏமாற்றட்டும். உன்னையும் என்னையும் ஒருவருக்கொருவர் காதில் பூச்சுற்ற வைத்தானே, அதை நான் மன்னிக்கமாட்டேன்.

உண்மையை எழுது.

அக்கா


மே 24

அக்காவுக்கு வணக்கம். கை சுளுக்கிக்கொண்டது. ஆகையால் நான் சொல்ல, உன் தம்பி மனைவி எழுதுகிறாள். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும் என்று கட்டளை. நலம். அனைவரும் நலம்.

நீ நினைப்பதுபோல் அந்தப் பிள்ளை என்னிடம் கொஞ்சம் இரு சிபாரிசுக்கு வரவில்லை. என் நண்பர் ஒருவர். நூலகர். உடல்நலமின்றி அங்கே கொஞ்சம் இரு அங்கே படுத்திருந்தார். பார்க்கப் போனேன். அப்போது அந்தப் பிள்ளை வந்து அவருக்கு கொஞ்சம் இரு தலகாணிய நிமித்து ஸ்கேன் எடுத்தான். பசையைக் கையில் சூடாக்கியதை அங்கேதான் பார்த்தேன். சார் என்றது கொஞ்சம் இரு அந்த நூலகரை.

இவ்வளவுதான் செய்தி. குழுவை தண்ணி குடு குழுவைத் தள்ளிப்போடு. நான் வேண்டுவது கொஞ்சம் இரு

எழுதினது போதும். கையெழுத்து நானே போடுறேன். கொடு.

முரசு


சூன் 2

என் முரசுக்கு,

உன் மனைவிக்கு என் வணக்கத்தை முதலில் சொல். என்னிடம் எதுவும் சொல்லக் கூடாது என்று அவளுக்குத் தடை போட்டிருப்பாய். சொன்னதைச் சொன்னபடி எழுது என்றும் கட்டளை போட்டாய். அவள் இரண்டையும் மீறவில்லை. நீ சொன்னது ஒவ்வொன்றையும் எழுதினாள்.

அந்தக் கடிதத்தை வாய்விட்டுப் படித்தேன். ஒவ்வொரு 'கொஞ்சம் இரு'வும் ஒரு மூச்சு. ஒரே மூச்சில் பத்தி முழுவதையும் கடந்தவன், ஒரு வரியைக் கடக்க வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிறான்.

குழுவுக்காகப் படங்களின் நாட்களைத் திறந்துகாட்டச் சொல்லியிருந்தேன். வந்தும் கிடந்தன, பார்க்கவில்லை. உன் கடிதம் வந்த அன்று பார்த்தேன். இதுவரை நான் அவற்றை ஒற்றுமை பார்த்து அடுக்கியிருந்தேன், களவைப் பிடிக்க. இப்போது நாள் பார்த்து அடுக்கினேன். முதற்படத்திலிருந்து கடைசிப்படம் வரை அறை பெரிதாகிக்கொண்டே போகிறது. சுவர் சோர்ந்துகொண்டே போகிறது. பிறகு பெட்டியிலிருந்து என் பழைய கைக்கருவியைத் தேடி எடுத்தேன். அன்று சிரித்துக்கொண்டே பதிவுசெய்த உன் இதயம் அதில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

கொடி அதே கொடிதான். கொடி கட்டிய வீடுதான் பெரிதாகிவிட்டது. கொடி இறுகிப்போய், விறைத்து நிற்கிறது.

மாடி ஏற முடியாமல் கட்டில் கீழே வந்தது. மல்லாந்து படுக்க முடியாமல் நாற்காலியில் தூங்கினாய். கால் வீங்கிச் செருப்பு கடித்தது. நான் தேங்காயெண்ணெய் தடவச் சொன்னேன். சாய்ந்து அமர்ந்த நிலை என்று அவன் எழுதியதைச் சோம்பல் என்றேன். அவ்வளவும் நீயே எனக்கு எழுதியிருக்கிறாய், அவனும் எழுதியிருக்கிறான். களவைத் தேடிய கண்ணுக்கு நோய் புலப்படவில்லை.

அவனை அழைத்தேன். இம்முறை கேள்வி ஒன்றுதான். "என் தம்பியா?" என்றேன். அவன் தலையசைக்கவில்லை, குனிந்துகொண்டான். சான்றுக்காக அவன் கொடுத்த நோயாளிக் கணக்கைப் பெரிய சிஸ்டர் சரிபார்த்துச் சொன்னார்: உன் இதயத்தை அவன் அதில் ஒரே ஒருமுறைதான் சேர்த்திருக்கிறான். மீதிப் படங்களைக் கணக்குக்காக அனுப்பவில்லை. என் பார்வைக்காக அனுப்பியிருக்கிறான். உன்னிடம் கொடுத்த வாக்கையும் மீறாமல், என்னையும் பார்க்கவைக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

குழு இனிக் கூடப்போவதில்லை. என் பரிந்துரையைக் கிழித்துவிட்டேன்.

வியாழக்கிழமை வண்டியோடு வருகிறேன். பையைக் கட்டி வைக்கச் சொல். வாசலில் நின்று சொற்பொழிவு செய்து என்னைத் திருப்பி அனுப்பலாம் என்று எண்ணாதே. உனக்கு மூச்சு போதாது.

அக்கா


சூலை 22

மீட்டுக்கொண்டுவந்த அக்காவுக்கு,

வீடு வந்து சேர்ந்தோம். பத்தியமும் மாத்திரையும் ஒழுங்காக நடைபெறுகின்றன. உப்பில்லாச் சமையலை உன் தம்பி மனைவி ஓர் இயக்கமாகவே நடத்துகிறாள். உன் முழங்காலை என் பொருட்டு வார்டு முழுவதும் இழுத்தடித்தாய். அது எப்படி இருக்கிறது?

ஏன் மறைத்தாய் என்று வண்டியில் கேட்டாய். அப்போது சொல்ல இயலவில்லை. ஊரே திரண்டுவந்து 'இனி நீ பேசாதே' என்று ஆணையிட்டாலும் நான் மேடை ஏறுவேன். நீ சொன்னால் ஏற முடியாது. எனக்குப் பேச்சு போனால் மீதி என்ன இருக்கிறது? ஆகவே நீ சொல்லும் வாய்ப்பையே அடைத்துவைத்தேன். இங்குள்ள மருத்துவர் பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அது உன் மருத்துவமனை என்பதால் தள்ளிக்கொண்டே இருந்தேன். அந்தப் பிள்ளை முதன்முறை என் நெஞ்சில் துருவுகோலை வைத்தபோது, நான் உன் தம்பி என்று சொல்லி வாக்கு வாங்கியவன் நான்தான். அவன் வேலை போகும் நிலை வந்தபோதும் அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் அவனைக் காப்பாற்ற எழுதினேனே தவிர, உண்மையை எழுதவில்லை.

கடைசி நாள் ஸ்கேன் நினைவிருக்கிறதா? அவன் எடுத்தான், நீ அவன் பின்னால், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாய். "மூச்சை வெளிய விட்டு நிறுத்துங்க சார்" என்றான். நிறுத்தினேன். உன் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. அப்படியே கல்லாக நின்றாய் என்று நான் பின்பு பெரிய சிஸ்டரிடம் வியந்தேன். "முன்னாடி நின்னு பார்த்தீங்க. நான் பின்னாடி நின்னேன். ஒரு கை இன்னொரு கையை விடாம இறுக்கிப் பிடிச்சிருந்துச்சு" என்றார்.

இப்போது என் முறை, அக்கா. நான் உன்னை ஐயுறுகிறேன்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாய். சிரித்தாய். நீ எந்தப் படத்தையும் பார்த்துச் சிரித்து நான் கண்டதில்லை. மேடை உண்டா என்றேன். "முதல்ல வீட்டுக்குப் போ" என்றாய். அது விடையன்று, பூசி மெழுகல். ஆகவே நீ அந்தப் பக்கம் போனதும் அந்தப் பிள்ளையை மடக்கினேன்.

"உண்மையைச் சொல்லுப்பா. தேறியிருக்கா, இல்லையா?"

அவன் பசை துடைத்த துணியை மடித்தான். மறுபடி மடித்தான்.

"அதை மேடம்தான் சொல்லணும். நான் சொல்லக் கூடாது, சார்."

அவன் வாய்மூடியதை நான் புகழ்ந்து எழுதிய கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடு.

உண்மையை எழுது. நீ கேட்டபோது நான் எழுதவில்லை, ஆயினும் எழுது.

முரசு


சூலை 30

அன்புள்ள முரசுக்கு,

முழங்கால் நலம். உன் நலத்தை நான் இம்முறை கேட்கவில்லை; காரணம் கடைசியில் இருக்கிறது.

அவனுக்கு நேற்றுச் சான்று வழங்கினேன். பெயரை அழைத்தபோது வாயாடிதான் எழுந்து கைதட்டினாள். அவன் தலையசைத்தான். உனக்குப் பதில் சொல்லாதிருக்க நான் அவனுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அது அவனாகவே கொண்டுவந்தது. அடுத்த அணிக்கு அவன் என் உதவியாளன். என் பழைய விதியையும் மாற்றிவிட்டேன். பெயரை மறைக்கலாம், எடுத்த நாளை மறைக்கக் கூடாது.

இனி உன் கேள்வி. அறை சற்றுச் சுருங்கியிருக்கிறது. கொடி சற்றுத் தளர்ந்திருக்கிறது. சற்றுத்தான். இதற்கு மேலே எழுதினால் தேற்றுகிறேன் என்பாய். கீழே எழுதினால் அச்சுறுத்தி வீட்டில் கட்டிப்போடுகிறேன் என்பாய். நாம் இருவரும் இப்போது ஒருவர் எழுத்தை ஒருவர் நம்பும் நிலையில் இல்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை உன் வீட்டுத் தொலைபேசி அடிக்கும். உன் மனைவி எடுக்கக் கூடாது, நீ எடு. வணக்கம் வேண்டாம், நலம் வேண்டாம். உன் ஒரே மூச்சுப் பத்தியை முதற்சொல்லிலிருந்து தொடங்கு. நான் 'ம்' என்றுகூடச் சொல்லமாட்டேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ள முடியாது, ஒரு கையில் தொலைபேசி இருக்கும், நாக்கையாவது கட்டிக்கொள்கிறேன்.

பொய்யாக இழுத்துப் பிடிக்காதே. மூச்சு வேண்டும் இடத்தில் நின்றுவிடு. நீ எந்தச் சொல்லில் நிற்கிறாயோ, அந்தச் சொல் வரைக்கும் உனக்கு மேடை உண்டு.

நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அக்கா